மோந்து பார்க்கும் வகுப்பு

ம்பராரா டவுனைச் சுற்றியிருக்கும் குன்றுகளில் எந்தப் பால் நிலையத்துக்குப் போனாலும், கேன் மூடியைத் திறக்கிற கை கெமிரெம்பேயிடம் பாடம் படித்த கையாகத்தான் இருக்கும். பன்னிரண்டு வருஷமாக அவள்தான் பால் கம்பெனியின் பயிற்சியாளர். நிலையங்களில் வேலை பார்ப்பவர்களை டவுனுக்கு வரவழைத்து, தேவாலயத்துக் கூடத்தில் உட்காரவைத்து, இரண்டு நாள் பாடம் நடத்துவாள். பாடம் என்று சொன்னால் அவளே சிரிப்பாள். அங்கே நடந்தது முக்கால்வாசி கூத்து.

அவளுடைய பெரிய ஆயுதம் பாதி வாக்கியம். "கேன் வந்தாச்சு. மூடியத் திறந்தோம். திறந்து என்ன செய்வோம்?" என்று நிறுத்துவாள். "மோந்து பாப்போம்" என்று கூடமே இடிக்கும். எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்கும் வழக்கம் கிடையாது. பாதிரியார் பாதியில் நிறுத்துவார், தேர்தலுக்கு நிற்பவர் பாதியில் நிறுத்துவார், பெண் கேட்டு வந்த வீட்டுக்காரர் பாதியில் நிறுத்துவார். மீதியைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் முடித்துவைக்க வேண்டும். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் பேசுகிறவரை அவமதித்தது போல.

இரண்டாம் நாள் மதியம் ஒரு தொப்பியும் கைத்தடியும் வைத்துக்கொண்டு அவளே கிழவராகிவிடுவாள். புளித்த பாலைக் கொண்டுவந்துவிட்டு மல்லுக்கு நிற்கும் கிழவர். "ஏண்டி, என் பாலயா குறை சொல்ற? உங்கப்பன் குடிச்சு வளந்த பாலுடி இது" என்று தடியை ஓங்குவாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பிறகு அவள் சொல்லிக்கொடுத்தபடியே ஒரே குரலில், "ஐயா, மாட்டுல ஒரு குறையும் இல்ல. பாலுதான் புளிச்சிருக்கு" என்பார்கள். மாட்டை முதலில் காப்பாற்றிவிட வேண்டும். பால் சரியில்லை என்று மொட்டையாகச் சொன்னால் மாடு சரியில்லை, கறந்தவள் சரியில்லை, குடும்பமே சரியில்லை என்று போய் நிற்கும். பால் விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கு மூக்கு நுனியில் கோபம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் பஷைஜா மேலாளராக வந்து சேர்ந்தான். முப்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சட்டை, குரலை உயர்த்திப் பேசவே மாட்டான். அவன் கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு பயிற்சியை முழுக்கப் பார்த்தான். மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தான். மறுநாள் கூப்பிட்டான்.

"மேடம், உங்க வகுப்புல சிரிப்பு நல்லா வருது. நிலையத்துலேருந்து பாலு மட்டும் புளிச்சு வருது."

போன மாதம் இரண்டு லாரிப் பாலைத் தொழிற்சாலையில் இறக்காமலே திருப்பி அனுப்பியது அவளுக்கும் தெரியும். இரண்டும் அவளிடம் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் வேலை பார்க்கும் நிலையங்களின் பால்.

"அதோட, ஆளுங்கள ரெண்டு நாள் இங்க கூட்டிட்டு வந்துடறோம். அந்த ரெண்டு நாளும் நிலையத்துல யாரோ மச்சான், கொழுந்தி நின்னு பாலு வாங்கறாங்க. வந்ததெல்லாம் தொட்டிக்குள்ள. அதனால இனிமே எல்லாம் ஆன்லைன். அவங்க இருக்கற இடத்துலயே இருக்கட்டும், நீங்க போன்ல பாடம் எடுங்க."

"போன்ல எப்படி சார் மோந்து பாக்கறது?"

"அதுதான் எனக்கும் புரியல" என்றான் பஷைஜா, ஒளிவில்லாமல். "இந்த சீசன் நீங்க போன்லயே நேரலையா நடத்திப் பாருங்க. சரிப்பட்டு வரலன்னா ஒரு வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிடுவோம்."

வீடியோ என்றால் என்ன என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் எடுப்பார்கள். அதற்கு மறுநாள் முதல் கெமிரெம்பே எதற்கு?

நைரோபியில் யாரோ தயாரித்த கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள். எல்லாரையும் மியூட்டில் வை. எல்லாரும் கேமராவில் முகம் காட்டட்டும். சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்கட்டும். அவள் நல்ல பிள்ளையாக அப்படியே செய்தாள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம் வகுப்பு. பதினைந்து நிலையங்கள், பதினைந்து பேர். முகம் தெரிந்தது நாலைந்து பேருடையதுதான். மீதி கறுப்புக் கட்டங்கள். டேட்டா கரைகிறது என்று கேமராவை மூடிவிட்டார்கள்.

"மூடியத் திறந்தோம். திறந்து என்ன செய்வோம்?" என்று கேட்டு நிறுத்தினாள்.

பதில் இல்லை. மியூட்டில் அல்லவா இருக்கிறார்கள். தெரிந்த முகங்களில் வாய் அசைந்தது. பழக்கதோஷத்தில் அவள் இன்னொரு முறை கேட்டாள். வாய்கள் இன்னொரு முறை அசைந்தன. கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டு சத்தத்துக்குக் காத்திருப்பது போல இருந்தது அவளுக்கு. தொப்பியை வைத்துக்கொண்டு கிழவராகியும் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தாலும் கேட்டிருக்காது. வகுப்பு முடிவதற்குள் ஒரே ஒரு மைக் மட்டும் எப்படியோ திறந்துகொண்டது. அது பம்வினே என்கிற வாயாடியின் மைக். அதிலிருந்து வந்தது நல்ல கனத்த குறட்டை.

அன்று சாயங்காலம் வீட்டில் சமையலறைச் சுவரைப் பார்த்து நின்று பழகினாள். அவள் கணவர் முகருரா தையல்காரர். மேஜையில் உட்கார்ந்து வாழைக்காய் மசியலை நெய்க்குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மூடியத் திறந்தோம். திறந்து?" என்றாள் சுவரிடம்.

"மோந்து பாப்போம்" என்றார் முகருரா, வாயில் வாழைக்காயோடு.

"உங்கள யாரு கேட்டா?"

"நீ பாதியில நிறுத்தினா நான் எப்படி முழுங்கறது? தொண்டையில நிக்குதுல்ல."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கையேட்டை எடுத்து அலமாரிக்கு மேல் போட்டாள்.

அடுத்த வாரம் வகுப்பு தொடங்கியதும், "எல்லாரும் மைக்கத் தொறங்க" என்றாள். திறந்தார்கள். சேவல், மோட்டார் சைக்கிள், ரேடியோவில் சாவு அறிவிப்பு, எங்கோ ஒரு குழந்தையின் அழுகை எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தன. பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த பஷைஜா முகத்தைச் சுளித்தான். கெமிரெம்பேக்கோ உயிர் திரும்பி வந்தது.

"மூடியத் திறந்தோம். திறந்து?"

"மோந்து பாப்போம்" என்றான் பம்வினே. "மோந்து பாப்போம்" என்றது இன்னொரு குரல். அப்புறம் இன்னொன்று. நெட் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு வேகம். கூடத்தில் ஒரே இடியாக விழுந்த பதில் இங்கே தகரக் கூரையில் முதல் தூறல் விழுவது போல் ஒவ்வொன்றாக விழுந்தது. அவள் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டே போனாள். தண்ணீர் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் லாக்டோமீட்டர் மேலே நின்றால் என்ன, கீழே போனால் என்ன, சோதனைக்கு ஸ்பிரிட் கலந்தால் திரிகிற பாலை என்ன செய்வோம் என்று கேள்வி கேள்வியாக.

பாதி வகுப்பில் அவள் குரல் தடுமாறியது. ஒவ்வொரு தடவையும் முதலில் வருவது பம்வினேயின் குரல்தான். சில சமயம் இன்னொருவன் முந்திக்கொண்டான். மற்றவர்கள் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்கள். சோதித்துப் பார்க்க பம்வினேயை மட்டும் மியூட்டில் போட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். நெடுநேரம் சேவல் மட்டும்தான் கூவியது.

பன்னிரண்டு வருஷக் கூடத்து இடியில் உண்மையான சத்தம் இரண்டு பேருடையதுதானா? மீதிப் பேர் எதிரொலியா? அதைக் கேட்டுத்தான் அவள் நெஞ்சு நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். தொப்பியும் தடியும் வைத்து அவள் ஆடிய கிழவர் ஆட்டத்தையும் நினைத்துப் பார்த்தாள். கூட்டத்தோடு சேர்ந்து கிழவரை எதிர்ப்பதற்கு யாருக்குத்தான் தைரியம் இல்லை? அன்று வகுப்பு முடிந்த பிறகு எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு.

"சார், மதியத்துல வகுப்பு வேண்டாம்" என்றாள் பஷைஜாவிடம். "காலையில வைக்கறேன். பாலு வர்ற நேரம்."

"வேலை கெடுமே மேடம்."

"வேலையிலதான் சார் வகுப்பு. மூஞ்சியெல்லாம் எனக்கு வேண்டாம். போனத் திருப்பி கேனைக் காட்டட்டும். வந்த பால அவங்கவங்க மோந்து அவங்கவங்க சொல்லட்டும். ஒருத்தன் மூக்க இன்னொருத்தன் கடன் வாங்க முடியாதுல்ல."

பஷைஜா யோசித்தான். "ஒரு வகுப்பு பாக்கறேன். அதுல தெரிஞ்சுடும், தொடரலாமா, வீடியோவா" என்றான்.

அந்த வகுப்பு நாள் பனி கலையும் முன்பே நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. முகம் இல்லை. கேன்கள், ஈரச் சிமெண்டுத் தரை, வடிகட்டும் துணி, குளிர்தொட்டியின் விளிம்பு. முறை இதுதான்: கேன் யாருடையது என்று பெயரைச் சொல்ல வேண்டும், மூடியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டும், எப்படி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பிறகுதான் ஸ்பிரிட்டும் லாக்டோமீட்டரும். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு முறை. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பம்வினேதான் முதல். பெயரைச் சொன்னான், மோந்தான், "புல் வாசம் தூக்குது மேடம், பாலு நல்லாருக்கு" என்றான். அவன் மூக்கு கேனுக்குள் போய்விடும் போலிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்தவர் திணறினார், பிறகு சரியாகச் சொன்னார். இன்னொருத்தி, "தண்ணி சேத்திருக்காங்க போல" என்று இழுத்தாள், லாக்டோமீட்டரும் அதையே சொன்னது. எதிரொலி இல்லாமல் ஒவ்வொருவராகப் பதில் சொல்வதைக் கேட்கக் கேட்க கெமிரெம்பே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ருகோமே நிலையத்தின் முறை வந்தது. அங்கே வேலை பார்ப்பவள் நின்சீமா. கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. போனைத் தொட்டியோரம் இருந்த பக்கத்துக் கேனின் மூடிமேல் சாய்த்து வைத்திருந்தாள். முதல் கேனுக்குப் பெயர் சொன்னாள். மோந்தாள். நல்ல பால். தொட்டியில் ஊற்றினாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கேன் வந்தபோது திரையில் ஒரு கைத்தடியின் நுனியும் ரப்பர் பூட்ஸும் தெரிந்தன. பெரியவர்களை வணங்கும் முறைப்படி நின்சீமா மண்டியிட்டாள். அவளுடைய தலைத்துணி மட்டும்தான் படத்தில் இருந்தது.

"ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா மாமா" என்றாள் மெல்லிய குரலில்.

"ம்ம்" என்றது ஆண் குரல். "பாலு எடுத்துட்டு வர்ற மோட்டார் சைக்கிள்காரன் வரல. நானே கொண்டாந்துட்டேன். சீக்கிரம் பாரு, சந்தைக்குப் போகணும்."

அவளுடைய மாமனார் ருபரேமா. அந்தக் குன்றிலேயே பெரிய கொம்புள்ள மாடுகளுக்குச் சொந்தக்காரர்.

நின்சீமா எழுந்தாள். பெயர் சொல்லவில்லை. கேனைத் தூக்கி நேரே தொட்டி விளிம்புக்குக் கொண்டுபோய் அங்கே வைத்துத்தான் மூடியைத் தளர்த்தினாள். அவள் முகம் வேறு பக்கம் இருந்தது. மூக்கு கேன் பக்கமே போகவில்லை.

கெமிரெம்பேக்கு எல்லாம் ஒரு நொடியில் புரிந்தது. மருமகள் மாமனார் பெயரை வாயில் வைக்க மாட்டாள். கெமிரெம்பேயே தன் மாமனார் பெயரை அவர் செத்து அடக்கம் செய்த நாளில்கூடச் சொன்னதில்லை. பெயரே சொல்லாதவள் அவர் பாலை மோந்து பார்ப்பாளா? தினமும் அந்த ஒரு கேன் மோந்து பார்க்காமலே தொட்டிக்குப் போயிருக்கிறது. ருகோமேயில் மட்டுமா? பதினைந்து நிலையங்களிலும் யாரோ ஒருவருக்கு மாமனாரோ மாமியாரோ இருக்கத்தானே செய்வார்கள். லாரி ஏன் திரும்பி வந்தது என்று பஷைஜா கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்குப் பதில் இதோ தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தது. தேவாலயத்துக் கூடத்தில் இன்னும் இருபது வருஷம் தடியை ஓங்கியிருந்தாலும் இது அவள் கண்ணில் பட்டிருக்காது.

"நின்சீமா, கொஞ்சம் நில்லும்மா" என்றாள்.

கேன் நின்றது.

அடுத்து என்ன சொல்வது? சரி, அடுத்த நிலையத்துக்குப் போவோம் என்று சொல்லிவிடலாம். பஷைஜா கவனித்தானோ இல்லையோ. ஆனால் அந்தக் குன்று முழுக்க இருப்பவர்களின் பால் அந்தத் தொட்டியில் கிடந்தது. சரி, தானே போனில் கிழவரிடம் பேசிவிடலாம், பேசுவதற்கு அவளுக்குத் தெரியாத வித்தையா? ஆனால் நாளைக்குக் காலையில் யார் பேசுவார்கள்? அதைவிடப் பெரிய விஷயம், நின்சீமா இன்று சாயங்காலம் போய்ச் சமைக்க வேண்டியது அந்தக் கிழவரின் வீட்டில். இங்கிருந்து எதைக் கிளறிவிட்டாலும் அதன் சூடு அவள் தலையில்தான் விழும்.

கெமிரெம்பே தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தாள்.

"எல்லாரும் சொல்லுங்க. கேன் வந்தாச்சு. மூடியத் திறந்தோம். திறந்து?"

"மோந்து பாப்போம்" என்றான் பம்வினே. "மோந்து பாப்போம்", "மோந்து பாப்போம்" என்று குன்று குன்றாகக் குரல்கள் வந்து விழுந்தன. சொன்னது மருமகள் இல்லை. ஊர் உலகம் சொல்கிறது. நின்சீமா மூடியை எடுத்தாள். குனிந்தாள்.

"மோந்தாச்சு. பாலு எப்படி இருக்கு?" என்றாள் கெமிரெம்பே.

"நல்..." என்று பம்வினே பழக்கத்தில் ஆரம்பித்தான். நிறுத்தினான். "எனக்கெப்படித் தெரியும் மேடம். கேன் அங்கல்ல இருக்கு."

பதினைந்து போன்களில் ஒரே கேன் தெரிந்தது, அதன் பக்கத்தில் ஒரே ஒரு மூக்குதான் இருந்தது. பஷைஜா மெதுவாக மைக் பக்கம் சாய்ந்து, "நான் ஏதாவது சொல்லவா மேடம்?" என்றான். கெமிரெம்பே லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பாதி வாக்கியத்தை விட்டுவிட்டுக் காத்திருப்பது அவளுடைய பிழைப்பு. ஆனால் இவ்வளவு நேரம் அவள் காத்திருந்ததில்லை. இவ்வளவு பயந்ததும் இல்லை.

நின்சீமா தரையில் மண்டியிட்டாள்.

"மாமா, மாட்டுல ஒரு குறையும் இல்ல" என்றாள். "பாலு புளிச்சிருக்கு. நான் இத ஊத்த மாட்டேன்."

கைத்தடி தரையில் ஒரு தட்டுத் தட்டியது. ரப்பர் பூட்ஸ் முன்னால் வந்தது. ஒரு பெரிய கை கேனின் காதைப் பிடித்து இழுத்தது. படம் ஆடியது. கூரை தெரிந்தது, நின்சீமாவின் கை தெரிந்தது, பிறகு ஒரே வெள்ளை. அப்புறம் ஒன்றும் இல்லை. ருகோமே திரையிலிருந்து போய்விட்டது.

"அடிச்சுட்டாரா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பேசாம இருங்க" என்றாள் கெமிரெம்பே. மீதி வகுப்பை எப்படி முடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

முடிந்ததும் பஷைஜா எழுந்து நின்று தன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டான். அவனுக்கு அதுதான் உற்சாகத்தின் அடையாளம். "மேடம், வீடியோ வேண்டாம். இதையே நடத்துங்க. எல்லா நிலையத்துக்கும் டேட்டாவ கம்பெனி போடும். இத நான் எதிர்பாக்கல."

"அவ போனு அணைஞ்சிருக்கு சார்."

"யாரு?"

"நின்சீமா."

பஷைஜாவின் முகம் மாறியது. அவனும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதான்.

அந்த வாரம் முழுக்க அந்த எண்ணுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றே பதில் வந்தது. பால் லாரி ஓட்டுநரைக் கேட்டாள். நிலையம் திறந்திருந்தது, ஆனால் தான் போன அன்றைக்கு வேறொரு பெண் நின்றுகொண்டிருந்தாள் என்றார் அவர். கெமிரெம்பேக்குச் சோறு இறங்கவில்லை. தன் பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மருமகளை மாமனார் முன்னால் மண்டியிடவைத்து, ஊரே கேட்க வாயைத் திறக்கவைத்துவிட்டாள். அந்தப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருப்பார்களோ? வேலையை விடச் சொல்லியிருப்பார்களோ? அப்படியானால் வீடியோவே மேல் அல்லவா? வீடியோ யாரையும் மண்டியிடச் சொல்லாது.

"ஞாயித்துக்கெழம நானே ருகோமேக்குப் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாள் கணவரிடம்.

"போயி?" என்றார் முகருரா.

வாக்கியத்தை முடிக்க அவளுக்குத் தெரியவில்லை.

வகுப்பு நாள் அதற்கு முன்னால் வந்துவிட்டது. காலையில் லேப்டாப்பைத் திறந்தாள். பஷைஜா, யாரும் சொல்லாமலே, வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நிலையங்கள் வந்தன. பதினாலு. அவள் கொஞ்சம் காத்தாள். சேவல், ரேடியோ, பம்வினேயின் இருமல். பதினைந்தாவது கட்டம் வரவில்லை. சரி, ஆரம்பிக்க வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தபோது புது எண் ஒன்று உள்ளே வந்தது.

படத்தில் முதலில் வானம் தெரிந்தது. பிறகு ஒரு கொம்பு. பிறகு ரப்பர் பூட்ஸ். அப்புறம் யாரோ மூச்சு வாங்குகிற சத்தத்தோடு படம் மெல்ல ஏறி ஒரு கேனில் வந்து நின்றது.

"மேடம், ருகோமே" என்றது நின்சீமாவின் குரல். "லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க."

"எங்கம்மா போயிருந்த?" கெமிரெம்பே திரைப் பக்கம் குனிந்தாள். "உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கு ஒண்ணும் ஆகல மேடம். போனுதான் பாலுக்குள்ள விழுந்துடுச்சு. மாமா கேன இழுத்தாரு, பக்கத்துக் கேன்ல சாச்சு வெச்சிருந்தது அப்படியே அவரு கேனுக்குள்ள போயிடுச்சு. ரிப்பேருக்கு டவுனுக்கு எடுத்துட்டுப் போனேன். பாலு குடிச்ச போனு பொழைக்காதுன்னுட்டான்."

பம்வினே சிரித்த சிரிப்பில் அவன் மைக் கரகரத்தது. கெமிரெம்பே சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இது யாரு போனு?"

நின்சீமா தயங்கினாள். பதில் படத்துக்குப் பின்னாலிருந்து வந்தது.

"என் போனு" என்றார் ருபரேமா. "மருமக கையில குடுத்தா இதையும் பாலுக்குள்ள போட்டுருவா. அதான் நானே புடிச்சிட்டிருக்கேன். நீதான் அந்த மேடமா?"

"ஆமாங்கய்யா. மாடெல்லாம் எப்படி இருக்கு?"

"மாடு நல்லாருக்கு. அதுல ஒரு குறையும் இல்லன்னு அன்னிக்கே இவ சொன்னாளே." கொஞ்சம் நிறுத்தினார். "என் பையன் சாயங்காலப் பாலக் காலைப் பாலோட கலந்திருக்கான். எத்தன நாளா கலந்தானோ, தெரியாது. வீட்டுல யாரும் மோந்து பாக்கல. இங்கயும் யாரும் மோந்து பாக்கல. அந்தக் கேன எடுத்துட்டுப் போய் அவன் மூக்குக்கு நேரா வெச்சேன்."

பஷைஜா கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சரி, சந்தைக்குப் போகணும். உங்க பாட்ட ஆரம்பிங்க" என்றார் கிழவர்.

"கேன் வந்தாச்சு" என்றாள் கெமிரெம்பே. "இது யாரோட கேன்?"

நின்சீமாவின் கை மூடிமேல் இருந்தது. அவள் வாய் திறக்கவில்லை. திறக்கவும் முடியாது, அது எல்லாருக்கும் தெரியும். இந்தக் கேள்வியை இப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று கெமிரெம்பே நாக்கைக் கடித்துக்கொண்டாள். படம் லேசாக ஆடியது. கிழவர் போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ருபரேமா" என்று தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னார். பிறகு மருமகள் பக்கம் திரும்பாமலே, "தொறந்து மோந்து பாரும்மா" என்றார்.